சீல் மாற்றும் முன் ஷாஃப்டைப் பாருங்கள்: பழைய பைக் என்ஜினில் ஆயில் கசிவு

பழைய பைக்கின் என்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டினால் பெரும்பாலோர் உடனே செய்வது புது சீல், அதாவது சுற்றும் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், வாங்குவதுதான். பழையதை நெம்பி எடுத்து, புதியதைத் தட்டி உட்கார வைத்தால் கொஞ்ச நாள் தரை காய்ந்திருக்கும். பிறகு அதே இடத்தில் மறுபடியும் சொட்டும். சீல் மட்டமான சரக்கு என்று பழி போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். உண்மையில், சீல் தானாகக் கெடுவதைவிட வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுப்பதுதான் அதிகம். தேய்ந்த ஷாஃப்ட், ஆடுகிற பேரிங், அடைத்துப்போன பிரீதர் (என்ஜின் மூச்சுவிடும் குழாய்) ஆகிய மூன்றில் ஒன்று பின்னால் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் சீல் மாற்றுவது பாதி வேலைதான்.

சீல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதன் காரணமும் புரியும். வெளியே ஒரு உலோக வளையம், அதோடு ஒட்டிய ரப்பர், ரப்பரின் நுனியில் கூர்மையான லிப், லிப்பை ஷாஃப்டின்மேல் அழுத்திப் பிடிக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங். லிப் ஷாஃப்டை வறண்டு உரசுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் அளவில் ஆயில் படலம் இருக்கும். அந்தப் படலம் லிப்பைக் குளிர்வித்துக் காக்கிறது. அதைத் தாண்டி ஆயில் வெளியேறாமல் லிப் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சமநிலை நிற்க வேண்டுமானால் ஷாஃப்ட் வழவழப்பாகவும் நடு மாறாமலும் சுற்ற வேண்டும், உள்ளே அழுத்தம் ஏறக்கூடாது.

எங்கிருந்து வருகிறது?

பல பழைய என்ஜின்களில் முன் ஸ்ப்ராக்கெட் கவருக்குள்தான் பிரச்சினையே குடியிருக்கும். ஸ்ப்ராக்கெட் ஏறியிருக்கும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் சீல், கியர் லீவர் ஷாஃப்டின் சீல், கிளட்ச் புஷ்ராடின் குட்டி சீல் எல்லாம் பெரும்பாலும் அங்கேயே பக்கத்து பக்கத்தில் இருக்கும். எது கசிந்தாலும் ஆயில் வழிந்து ஒரே தாழ்வான இடத்தில்தான் சொட்டும். செயினுக்குப் போட்ட ஆயிலும் அதே குழியில் சேறாகக் கிடக்கும். சொட்டும் இடத்தை வைத்து சீலை முடிவு செய்தால் தவறான சீலைத்தான் மாற்றுவீர்கள்.

கவரைக் கழற்றி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு குழியைச் சுத்தமாகக் கழுவி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போடாமல் பத்து நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். பிறகு கியரில் போட்டு ஸ்ப்ராக்கெட்டைச் சுற்ற விடுங்கள். விரலும் துணியும் செயின் பக்கம் போகவே கூடாது. பவுடர் எந்த இடத்தில் முதலில் நனைந்து கறுக்கிறதோ அதுதான் கசிவின் வாய். நிறுத்தி வைத்த வண்டியில் மட்டும் கசிந்தால், ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும் சீல்களைச் சந்தேகியுங்கள். கியர் லீவர் ஷாஃப்ட் பெரும்பாலும் அந்த ரகம். ஓடும்போது மட்டும் கசிந்தால் அழுத்தமோ ஷாஃப்டின் ஆட்டமோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, ஒரு நட்டைக்கூடக் கழற்றும் முன் பிரீதர் குழாயைப் பாருங்கள். பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் என்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் உள்ள காற்று அழுத்தப்படுகிறது. ரிங் தேய்ந்த என்ஜினில் எரிந்த வாயுவும் அதோடு சேரும். இவை வெளியேற ஒரே வழி பிரீதர். குழாய் மடிந்திருந்தாலோ, குளவி மண் வைத்து அடைத்திருந்தாலோ, உள்ளே உள்ள வால்வு ஒட்டிக்கொண்டிருந்தாலோ ஆயில் சீல் வழியாகத்தான் வழி தேடும். என்ஜின் சீல்கள் மிகக் குறைந்த அழுத்தத்தைத் தாங்கவே செய்யப்பட்டவை. குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஆயில் மட்டத்தையும் மேனுவல் சொல்லும் விதத்திலேயே பாருங்கள். சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருக வேண்டும். இதை மாற்றிச் செய்தால் ஆயில் அளவு கூடிப்போகும், சீல்கள் தேவையில்லாமல் மூழ்கும்.

ஆயில் டேங்க் தனியாக இருக்கும் பழைய பிரிட்டிஷ் என்ஜின்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வண்டி பல நாள் நிற்கும்போது ஆயில் பம்ப்பின் வால்வு வழியாகக் கசிந்து டேங்க்கிலுள்ள ஆயில் கிராங்க்கேஸில் இறங்கிவிடும். பிறகு ஸ்டார்ட் செய்ததும் பிரீதரிலும் சீல்களிலும் வழியும். இது வால்வின் குற்றம். நாலு சீல் மாற்றினாலும் தீராது. எல்லா இடத்திலும் சீல் இருந்தே ஆக வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். 1970 முதல் வந்த டிரையம்ஃப் 650 இரட்டை சிலிண்டர் என்ஜின்களில், கிராங்க்கின் பிரைமரி செயின் (கிளட்ச்சைச் சுற்றும் செயின்) பக்க சீலைத் தயாரிப்பாளரே நீக்கி, கிராங்க்கேஸ் பிரைமரி கவர் வழியாக மூச்சுவிடும்படி ஓட்டைகள் போட்டிருந்தார். அங்கே அக்கறையோடு ஒரு சீலைப் போட்டால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் கூடுதல் கவனம்

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் ஆயிலைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. பெட்ரோல் கலவையை உறிஞ்சி மேலே தள்ளுவது கிராங்க்கேஸ்தான், அதன் காற்று புகாத தன்மையைக் காப்பது சீல். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சி எரிக்கும். சைலன்சரில் அடர்ந்த வெள்ளைப் புகை வரும், பிளக் ஆயிலில் நனையும், கியர்பாக்ஸ் ஆயில் வெளியே ஒரு சொட்டும் விழாமல் குறையும். மேக்னட் பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவை நீர்த்து, ஆக்ஸிலேட்டரை மூடியும் ரேஸ் இறங்காமல் நிற்கும். இதுதான் ஆபத்தானது. நீர்த்த கலவையில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். வெளியே ஆயில் கசிவே தெரியாததால் பலர் கார்ப்பரேட்டரையே திருகிக்கொண்டிருப்பார்கள்.

உறுதி செய்ய நல்ல வழி அழுத்தச் சோதனை. இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை ரப்பர் தகடு வைத்து அடைத்து, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் சுமார் 6 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், நல்ல சீலே திரும்பிவிடும். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் எங்கோ வழி இருக்கிறது. சோப்பு நீர் தடவினால் மேக்னட் பக்கம் குமிழி காட்டிக்கொடுக்கும். கிளட்ச் பக்கம் கசிந்தால் காற்று கியர்பாக்ஸுக்குள் போகும், கியர்பாக்ஸ் பிரீதர் குழாயின் நுனியைச் சோப்பு நீரில் வைத்தால் தெரியும்.

சரியான சீல் வாங்குவது

சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும். 25×40×7 என்றால் ஷாஃப்ட் 25 மி.மீ., உட்காரும் குழி 40 மி.மீ., தடிமன் 7 மி.மீ. எண் அழிந்திருந்தால் ஷாஃப்டையும் குழியையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். சீலையே அளந்தால் ரப்பர் அமுங்கித் தவறான அளவு காட்டும். பிரிட்டிஷ் என்ஜின்களில் அளவுகள் அங்குலத்தில் இருக்கும். ஒரு அங்குல ஷாஃப்ட் 25.4 மி.மீ., அதற்கு 25 மி.மீ. சீல் போட்டால் லிப் தேவைக்கு மேல் இறுகிச் சூடேறித் தேயும்.

டி.சி. என்று குறிக்கப்பட்ட சீலில் வெளிப்புறமும் ரப்பர் பூசியிருக்கும், முக்கிய லிப்போடு தூசியைத் தடுக்கும் சின்ன லிப்பும் இருக்கும். எஸ்.சி. என்றால் தூசி லிப் இல்லை. டி.பி. என்றால் வெளிப்புறம் வெறும் உலோகம். செயினின் மண்ணும் அழுக்கும் படும் ஸ்ப்ராக்கெட் பக்கத்துக்கு டி.சி.தான் என் தேர்வு. இன்னொரு காரணமும் உண்டு: அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 40 மி.மீ. குழி 80 டிகிரி கூடுதலாகச் சூடானால், அலுமினியக் குழிக்கும் இரும்பு வளையத்துக்கும் இடையே 0.03 மி.மீ.க்கு மேல் பிடிப்பு தளரும். வெளிப்புற ரப்பர் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும், வெறும் உலோகம் நிரப்பாது.

ரப்பர் ரகத்தில் நைட்ரைல் 100 டிகிரி வரை நன்றாக உழைக்கும், கியர்பாக்ஸுக்குத் தாராளமாகப் போதும். வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும். டூ-ஸ்ட்ரோக் கிராங்க்குக்கு அதற்கே காசு செலவழிக்கலாம், ஏனென்றால் எத்தனால் கலந்த பெட்ரோலையும் அது நன்றாகத் தாங்கும். பல ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த கம்பெனி சீல் என்று ஆசையாக வாங்காதீர்கள். நைட்ரைல் சும்மா கிடந்தாலும் இறுகும். லிப்பை விரலால் மடித்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சில கிராங்க் சீல்களில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். லிப்பின் வெளிப்பக்கத்தில் சாய்ந்த வரிகள் இருப்பதால் இடத்தை மாற்றிப் போட்டால் ஆயிலை வெளியே இழுக்கும்.

சீலோடு சேர்த்து, ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலுள்ள காலரின் ஓ-ரிங், நட்டின் லாக் வாஷர், டிரெயின் போல்ட்டின் வாஷர் ஆகியவற்றையும் வாங்கிவிடுங்கள். இந்த ஓ-ரிங்கைத்தான் பலரும் மறப்பார்கள். பல என்ஜின்களில் சீலின் லிப் ஷாஃப்டின்மேல் நேராக ஓடாது, அதில் செருகிய காலரின்மேல் ஓடும். காலருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கை மூடுவது அந்த ஓ-ரிங் ஒன்றுதான். அது தட்டையாகிவிட்டால் ஆயில் ஷாஃப்டின் நீளவாட்டுப் பற்களான ஸ்ப்ளைனின் பள்ளங்கள் வழியாக நடந்து நட்டின் அடியில் வெளியே வரும். சீல் முகம் காய்ந்து, நட்டைச் சுற்றி ஈரமாக இருந்தால் சீல் குற்றவாளி இல்லை.

கழற்றுதல்

ஸ்ப்ராக்கெட் நட்டைச் செயின் மாட்டியிருக்கும்போதே தளர்த்துங்கள். ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ஷாஃப்ட் சுற்றாது. செயினைக் கழற்றிய பிறகு ஸ்ப்ராக்கெட்டில் கம்பியைச் செருகித் திருப்புவது கேஸை உடைக்கும் வழி. லாக் வாஷரின் மடிப்பை முழுவதும் நிமிர்த்துங்கள், நட்டின் மரை எந்தத் திசை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சில என்ஜின்களில் இடது மரை இருக்கும். ஜப்பானிய வண்டிகளின் கவர் ஸ்க்ரூக்களுக்குச் சாதாரணப் பிலிப்ஸ் நுனி சரியாகப் பொருந்தாமல் தலையை அரித்துவிடும். அவற்றுக்கான ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரநிலை) நுனியும் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் பாதித் தலைவலி இல்லை.

ஸ்ப்ராக்கெட்டையும் காலரையும் எடுத்ததும், ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையால் உணரும்படி ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. புது சீல் சில நூறு கிலோமீட்டருக்கு மேல் நிற்காது. அளவுக்கு மீறி இறுக்கிய செயின்தான் இந்தப் பேரிங்கைத் தின்னும் முதல் எதிரி.

பழைய சீல் கேஸின் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, ஸ்க்ரூடிரைவரை லிப்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே விட்டு நெம்பாதீர்கள். ஷாஃப்டில் விழும் ஒரு கீறல் என்ஜின் உள்ளவரை ஆயில் வழியவிடும். பாதுகாப்பான வழி இது: சீலின் உலோக முகத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் 2 மி.மீ. துளை போடுங்கள். டிரில் பிட்டின் நுனியில் கிரீஸ் தடவினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். நுனியிலிருந்து 3 மி.மீ. விட்டு டேப் சுற்றிவைத்தால் உள்ளே பேரிங்கைத் தொடாது. துளைகளில் சின்ன செல்ஃப்-டாப்பிங் ஸ்க்ரூக்களைத் திருகி, பிளையரால் இரண்டையும் மாறி மாறி இழுத்தால் சீல் நேராக வெளியே வரும். மேக்னட் பக்கமானால் முதலில் ஸ்டேட்டர் தட்டின் இடத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், மேக்னட்டை அதற்குரிய புல்லரால் மட்டும் எடுங்கள்.

சில சீல்களின் வெளிவட்டத்தில் ஒரு வரம்பு இருக்கும், அது கேஸின் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும். அதை வெளியிலிருந்து எடுக்கவும் முடியாது, போடவும் முடியாது. என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். வரம்பைச் சீவிவிட்டு வெளியிலிருந்து தட்டி ஏற்றுவதைச் சிலர் செய்வார்கள். அந்தச் சீல் அழுத்தத்தில் வெளியே நகர்ந்து வரும்.

எடுத்த சீலைத் தூக்கி எறியாதீர்கள். லிப் ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் மெல்லியதாகவும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் நடு விலகிச் சுற்றுகிறது. லிப் கல்லைப்போல இறுகி வெடித்திருந்தால் சூடு அல்லது வயது. ஊறிக் கொழகொழவென்று இருந்தால் ரப்பருக்கு ஒவ்வாத திரவம் பட்டிருக்கிறது. லிப் வெளிப்பக்கம் மடிந்திருந்தால், போன முறை போட்டவர் ஸ்ப்ளைனை மூடாமல் தள்ளியிருக்கிறார்.

ஷாஃப்ட்

இந்த வேலையின் இதயம் இங்கேதான் இருக்கிறது. லிப் ஓடிய இடத்தைப் பெட்ரோலில் துடைத்துவிட்டு நகத்தைக் குறுக்கே இழுங்கள். பளபளப்பு மட்டும் தெரிந்து நகம் தடுக்காவிட்டால் கவலை இல்லை. நகம் பள்ளத்தில் விழுந்தால், அதே இடத்தில் ஓடும் புது சீல் நிலைக்காது.

முதல் வழி செலவில்லாதது. குழியில் இடம் இருந்தால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் ஆழமாகவோ மேலாகவோ உட்கார வையுங்கள், லிப் புது இடத்தில் ஓடும். ஆழமாகத் தள்ளும்போது பேரிங்கைத் தொடாமலும், சீலுக்குப் பின்னாலுள்ள ஆயில் துளையை மூடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காலர் உள்ள என்ஜினில், அதன் இரு முனைகளும் ஒரே மாதிரி இருந்து லிப்பின் தடம் நடுவிலிருந்து விலகியிருந்தால், காலரைத் திருப்பிப் போட்டாலே போதும். ஓ-ரிங்குக்கான சரிவு ஒரு முனையில் மட்டும் இருந்தால் திருப்பக்கூடாது, புதுக் காலர்தான். ஷாஃப்டே தேய்ந்திருந்தால் 0.28 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய எஃகு ஸ்லீவ் கிடைக்கும். அதை அழுத்தி ஏற்றினால் பழைய அளவு சீலையே போடலாம். கடைசி வழி ஹார்ட் குரோம் ஏற்றி அளவுக்கு கிரைண்ட் செய்வது.

துருவையும் சின்னக் கீறலையும் எடுக்க 600 நம்பர் எமரித் தாளை ஆயிலில் நனைத்து, ஷாஃப்டின் சுற்றளவை ஒட்டி மட்டும் தேயுங்கள். நீளவாக்கில் இழுத்தால் ஒவ்வொரு கோடும் ஒரு வாய்க்கால். சாய்வாகச் சுற்றித் தேய்த்தால் மரைபோல அமைந்து, ஷாஃப்ட் சுற்றும் திசையைப் பொறுத்து ஆயிலை வெளியே இறைக்கும். கண்ணாடிபோல் பாலிஷ் செய்வதும் தவறு. ஆயில் படலம் நிற்க மேற்பரப்பில் 0.2 முதல் 0.8 மைக்ரான் வரை சொரசொரப்பு வேண்டும்.

புதியதைப் போடுதல்

குழியில் மீந்த பழைய பேஸ்ட், பிசிறு எல்லாவற்றையும் நீக்குங்கள். வெளிப்புறம் ரப்பராக இருந்தால் லேசாக ஆயில் தடவினால் போதும். உலோகமானால் இறுகாத சீலன்ட்டை மெல்லிய படலமாகப் பூசலாம். லிப்பில் கண்டிப்பாக கிரீஸ், இரண்டு லிப்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கொஞ்சம் கூடுதலாக. வறண்ட லிப் முதல் சில விநாடிகளிலேயே கருகிவிடும், பிறகு எந்த ஆயிலும் அதைக் காப்பாற்றாது.

ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். காலர் வைத்த என்ஜினில் சீலை முதலில் குழியில் உட்கார வைத்து, காலரைப் பிறகு சுழற்றிக்கொண்டே நுழைத்துவிடுங்கள். நேராக ஷாஃப்டின்மேல் போவதானால் ஸ்ப்ளைன், மரை, கீ பள்ளம் எல்லாவற்றையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி மூடி, அதன்மேல் கிரீஸ் தடவித் தள்ளுங்கள். அந்தக் கூர் விளிம்புகள் லிப்பைக் கத்தியைப்போல் அறுக்கும், அறுபட்டது கண்ணுக்கும் தெரியாது.

தட்டுவதற்குச் சீலின் வெளிவட்டத்தைவிட அரை முதல் ஒரு மில்லிமீட்டர் சிறிய குழாயோ சாக்கெட்டோ வேண்டும். அடி சீலின் வெளி விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். நடுவில் பட்டால் வளையம் குழிந்து ஸ்பிரிங் நழுவும். அடிக்கு அடி மேலும் கீழும் எகிறினால் நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடி நேராக வைத்துத் தொடங்குங்கள். கேஸை ஹாட் கன்னால் 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் சுலபமாக இறங்கும். உட்கார்ந்ததும் நாலு பக்கமும் ஆழத்தை அளந்து பாருங்கள். சாய்ந்த சீல் முதல் நாளிலிருந்தே ஒருபக்கமாகத் தேயும்.

ஓ-ரிங்கை கிரீஸோடு பள்ளத்தில் வைத்து, ஸ்ப்ராக்கெட்டை முன்பிருந்த பக்கமே மாட்டி, புது லாக் வாஷர் போட்டு, செயினை மாட்டிப் பின் பிரேக்கைப் பிடித்து மேனுவல் சொல்லும் டார்க்குக்கு முடுக்கி, வாஷரை நட்டின் தட்டைப் பக்கத்தில் மடியுங்கள். நட்டு தளர்ந்தால் காலர் ஓ-ரிங்கை அழுத்தாது, கசிவு திரும்பும். செயின் தளர்ச்சி மேனுவலில் உள்ளபடி வைக்க வேண்டும், சந்தேகமிருந்தால் கொஞ்சம் தளர்வாக. கசிவை நிறுத்தும் ஆயில் சேர்ப்பான்களையும், சீலின் முகத்தில் வெளியே பூசும் சிலிக்கானையும் தவிர்த்துவிடுங்கள். முன்னது ரப்பரைச் சில காலம் ஊதவைத்துப் பிறகு தளரவிடும். பின்னது ஆயில் பட்ட உலோகத்தில் ஒட்டவே ஒட்டாது.

ஆயில் ஊற்றி ஓட்டிய முதல் 50 கிலோமீட்டரில், நீங்கள் தடவிய கிரீஸ் உருகி லேசான ஈரம் காட்டும். துடைத்துவிட்டு இன்னொரு 200 கிலோமீட்டர் கழித்துப் பாருங்கள். அப்போதும் ஈரம் இருந்தால் பவுடர் சோதனையை மறுபடி செய்யுங்கள். இந்த முறை பக்கத்திலுள்ள புஷ்ராட் சீலையும், கேஸில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அறுந்த செயின் சுருண்டு மோதிய கேஸ்களில் அந்த வெடிப்பு ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் மேக்னட் பக்க சீல் மாற்றியிருந்தால் கார்ப்பரேட்டரை விட்டுவிடாதீர்கள். காற்று புகுந்த காலத்தில் அதை ஈடுகட்ட யாராவது பெரிய ஜெட் போட்டோ, ஏர் ஸ்க்ரூவை உள்ளே முடுக்கியோ வைத்திருப்பார்கள். இப்போது கலவை அடர்ந்து பிளக் கறுக்கும். ஜெட்டையும் ஸ்க்ரூவையும் கம்பெனி அளவுக்குத் திருப்பி, ஒரு ஓட்டம் ஓட்டிவந்து பிளக்கின் நிறத்தைப் பார்த்து அங்கிருந்து சரிசெய்யுங்கள்.